பிராக் பழைய நகரச் சதுக்கம்: சூரியனோடு ஒரு முழு நாள்

செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறவர்களில் பலர் பழைய நகரச் சதுக்கத்துக்கு ஒதுக்குவது அரை மணி நேரம். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து, நகர மன்றச் சுவரில் உள்ள வானியல் கடிகாரத்தின் கீழே கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார்கள். இரண்டு சன்னல்கள் திறக்கும், இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டிவிட்டுப் போகும், சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. "இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று சொல்லிக்கொண்டே சார்லஸ் பாலத்தைப் பார்த்து நடையைக் கட்டுவார்கள்.

பொம்மைகளை மட்டும் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். அந்தக் கடிகாரத்தில் சுமாரான பகுதி அந்தப் பொம்மைகளே. அதன் முகப்பில் ராசி, சூரியன், சந்திரன், உதயம், அஸ்தமனம் எல்லாம் இருக்கின்றன. பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய பாட்டியோ தாத்தாவோ உடன் வந்தால், வழிகாட்டியை விட அவர்களே அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அதோடு, நடுப்பகல் நிழலை வைத்து ஊருக்கே நேரம் கணித்த கோடு ஒன்று சதுக்கத்தின் தரையிலேயே கிடக்கிறது. எதிரே உள்ள டீன் தேவாலயத்துக்குள் வானியலாளர் டைகோ பிராஹேயின் கல்லறை. வானத்தைப் பார்த்து நேரம் சொன்ன வேலையின் மூன்று அடையாளங்களும் நாலு எட்டுத் தூரத்துக்குள் இருக்கும்போது, ஒரு நாள் முழுக்க இங்கேயே செலவழிப்பது வீண் இல்லை.

நாளைத் திட்டமிடும்போது முதலில் திசையைப் பாருங்கள். கடிகாரம் இருப்பது நகர மன்றக் கட்டடத்தின் தெற்குச் சுவரில். அதனால் காலையிலிருந்தே முகப்பு தெளிவாகத் தெரியும், நடுப்பகலில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். டீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் மேற்கைப் பார்த்தவை. காலையில் படம் எடுத்தால் கறுப்பு நிழலாகத்தான் விழும், மாலையில் அதே கல் பொன்னிறமாகத் தெரியும். ஆகவே காலையில் கடிகாரம், உச்சிப் பொழுதில் நிழல் கோடு, பிற்பகலில் தேவாலயம், பொழுது சாய்வதற்குள் கோபுரம் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை.

வந்து சேர்வது

மெட்ரோவில் ஏ தடத்தில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா நிலையம். அங்கிருந்து ஐந்து நிமிட நடை. மூஸ்தெக்கில் இறங்கினால் இன்னும் கொஞ்சம் அதிகம். பிராக் மெட்ரோ ஆழத்தில் ஓடுகிறது, எஸ்கலேட்டர் நீளம், நம் ஊர் மால்களில் இருப்பதை விட வேகமும் அதிகம். பெரியவர்கள் கைப்பிடியைப் பிடித்த பிறகு காலை வைக்கட்டும்.

டிக்கெட் தூரக் கணக்கில் இல்லை, நேரக் கணக்கில். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, நுழைவாயிலில் உள்ள மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். வெளிநாட்டவர் அபராதம் கட்டுவது பெரும்பாலும் டிக்கெட் இல்லாமல் அல்ல, முத்திரை இல்லாத டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான். பரிசோதகர்கள் சாதாரண உடையில் இருப்பார்கள். நாளெல்லாம் செல்லும் டிக்கெட்டை ஒருமுறை குத்தினால் போதும், மறுபடி குத்தாதீர்கள். 15 வயது ஆகாத பிள்ளைகளுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் நகருக்குள் இலவசம். கேட்டால் காட்ட வயதுச் சான்று வேண்டும் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

தரை முழுக்கக் கல் பாவியது. சின்னச் சக்கரம் வைத்த மடக்குத் தள்ளுவண்டியின் முன் சக்கரம் கல் இடுக்கில் சிக்கித் திரும்பிக்கொள்ளும், தூங்கும் குழந்தை எழுந்துவிடும். பெரிய சக்கர வண்டி அல்லது மார்போடு கட்டும் பை, இரண்டில் ஒன்று. மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பில் மதியத்துக்குள் பாதம் வலிக்க ஆரம்பித்துவிடும்.

காலை எட்டு மணிக்கு

பொம்மைகளின் ஆட்டம் ஒவ்வொரு மணிக்கும் காலை 9 முதல் இரவு 11 வரை நடக்கும். அதனால் சுற்றுலாக் குழுக்கள் ஒன்பதை ஒட்டித்தான் வரத் தொடங்கும். எட்டு மணிக்கு வந்தால் கடிகாரத்தின் முன்னால் நின்று நிதானமாகப் படிக்க இடம் கிடைக்கும். இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டால் நாள் முழுக்க மற்றவர்களின் செல்ஃபி குச்சிகளுக்கு நடுவேதான் பார்க்க வேண்டும்.

1410இல் கடான் ஊர்க் கடிகாரக்காரர் மிக்குலாஷ் செய்தது, கணக்குப் போட்டுக் கொடுத்தவர் வானியல் பேராசிரியர் யான் ஷிண்டெல் என்கிறார்கள். ஹனுஷ் என்பவர் செய்ததாகவும், வேறு ஊருக்கு இதே போல் செய்துவிடக் கூடாது என்று அவர் கண்களைக் குருடாக்கியதாகவும் வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்லும் கதை வெறும் கதை.

மேல் முகப்பில் நீல நிறப் பகுதி பகல் வானம். கீழே கறுப்பு வட்டம் இரவு. இரண்டுக்கும் இடையே உள்ள செம்பழுப்புப் பட்டை அதிகாலையும் அந்தியும். நீண்ட முள் ஒன்றில் தங்கச் சூரியன் நகரும், அதே முள்ளின் நுனியில் ஒரு பொற்கை. சூரியன் நீலத்தில் இருந்தால் பகல், இடப்பக்கம் பழுப்பைத் தாண்டி நீலத்துக்குள் ஏறும்போது உதயம், வலப்பக்கம் இறங்கும்போது அஸ்தமனம். முள்ளின் மேல் சூரியன் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. கோடையில் மையத்தை விட்டு வெளியே தள்ளிப் போகும், குளிர்காலத்தில் உள்ளே வரும். அதனால்தான் அது இருட்டைக் கடக்கும் தூரம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஜூன் இறுதியில் நள்ளிரவிலும் சூரியன் கறுப்பு வட்டத்துக்குள் நுழைவதே இல்லை. கடிகாரத்தில் பழுது ஒன்றும் இல்லை. பிராக் இருப்பது 50 பாகை வடக்கு அட்சரேகையில். அந்த நாட்களில் அங்கே நள்ளிரவிலும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 17 பாகை கூட இறங்காது. முழு இருட்டுக்கு 18 பாகை வேண்டும்.

மணி பார்ப்பதற்கு மூன்று வழிகள். பொற்கை ரோமன் எண்களில் எதைத் தொடுகிறதோ அது நாம் அறிந்த மணி. 12 இரண்டு முறை வரும், மேலே இருப்பது நண்பகல். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஐரோப்பாவில் கோடை நேரம். கடிகாரம் அதைக் கண்டுகொள்வதில்லை, ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். செல்போனோடு ஒப்பிட்டு "தப்பா ஓடுது" என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பது இங்கேதான்.

இரண்டாவது, வெளியே உள்ள கறுப்பு வளையத்தில் தங்க எழுத்தில் 1 முதல் 24 வரை. இதுதான் பழைய செக் மணி. அஸ்தமனத்திலிருந்து எண்ணத் தொடங்கி, அடுத்த அஸ்தமனத்தில் 24. நம் பெரியவர்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள், இவர்கள் மறைவிலிருந்து எண்ணினார்கள். வளையம் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் அசைந்து, 24ஐ அன்றைய அஸ்தமனத்துக்கு நேராகக் கொண்டுவந்து வைக்கும். எண்கள் பழைய கோதிக் வடிவில் இருப்பதால் 4, 7 இரண்டும் குழப்பும். 4 முடிச்சுப் போட்ட நாடா போலச் சுழித்திருக்கும், 7 கூரை போலக் கவிழ்ந்திருக்கும். இந்த வளையத்தால் இன்றைக்கும் ஒரு பயன் உண்டு. பொற்கை காட்டும் எண்ணை 24இலிருந்து கழித்தால் இன்னும் எத்தனை மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாலையில் கோபுரம் ஏற இது உதவும்.

மூன்றாவது, நீலப் பகுதியை வளைகோடுகள் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன. உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலைச் சமமாகப் பன்னிரண்டு பங்கிட்ட மணி இது. சூரியப் பொம்மை எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஓரைக் கணக்கும் இதே பங்கீடுதான். பிராகில் ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் 8 மணி நேரத்தை ஒட்டி. ஆகவே இந்த "ஒரு மணி" கோடையில் சுமார் 80 நிமிடம், குளிர்காலத்தில் 40 நிமிடம். ராகு காலம் பார்க்கிறவர்கள் கவனிக்கவும்: அது பகலில் எட்டில் ஒரு பங்கு. தினசரி நாள்காட்டியில் அச்சடித்த ஒன்றரை மணி நேரத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். ஜூனில் அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பரில் ஒரு மணி நேரம்தான்.

மையத்திலிருந்து விலகிச் சுழலும் சிறிய தங்க வளையம் ராசி மண்டலம். பன்னிரண்டு குறிகளும் உண்டு. மேஷத்துக்கு ஆட்டுக்கொம்பு, கும்பத்துக்கு அலைக்கோடு. தங்கள் ராசியைத் தேடச் சொன்னால் பிள்ளைகள் கால் மணி நேரம் அமைதியாக இருப்பார்கள். சூரியன் அந்த வளையத்தில் எங்கே அமர்ந்திருக்கிறதோ அதுவே சூரியனின் ராசி. ஆனால் இது சாயன முறை. மார்ச் 20 அல்லது 21, பகலும் இரவும் சமமாகும் நாளில் இங்கே மேஷம் தொடங்கிவிடும். நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் நிராயனக் கணக்கில் மேஷப் பிரவேசம் சித்திரை முதல் நாள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் அயனாம்சம், இப்போது ஏறக்குறைய 24 பாகை. சித்திரைப் பிறப்பன்று இந்தக் கடிகாரத்தில் சூரியன் மேஷத்தின் முக்கால் பங்கைக் கடந்து நிற்கும். தாத்தா "இது தப்பு" என்று சொன்னால், தவறு இருவரிடமும் இல்லை என்று சொல்லி வையுங்கள்.

சந்திரன் தனி முள்ளில் இருக்கும் உருண்டை. பாதி வெள்ளி, பாதி கறுப்பு. அது தன்னைத் தானே சுழற்றிக்கொண்டு பிறையைக் காட்டும். சூரிய முள்ளும் சந்திர முள்ளும் ஒன்றன் மேல் ஒன்று வந்தால் அமாவாசை, எதிரெதிராக நின்றால் பௌர்ணமி. சந்திரன் சூரியனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தால் வளர்பிறை, முன்னால் போய்க்கொண்டிருந்தால் தேய்பிறை. திதியும் எடுக்கலாம். இரண்டு முள்ளுக்கும் உள்ள இடைவெளியை ரோமன் எண் வட்டத்தில் மணிக் கணக்கில் பாருங்கள். ஒரு மணி 15 பாகை, ஒரு திதி 12 பாகை. சந்திரன் 4 மணி பின்னால் என்றால் 60 பாகை, 12ஆல் வகுத்தால் 5. வளர்பிறைப் பஞ்சமி முடிந்து சஷ்டி நடக்கிறது. இது தோராயக் கணக்குதான், ஒரு நாள் முன்னே பின்னே வரும்.

ஏன் முன்னே பின்னே வருகிறது என்பதற்கான காரணங்களில் ஒன்று உள்ளே இருக்கும் பற்சக்கரங்களில் இருக்கிறது. ராசி வளையம், சூரியன், சந்திரன் மூன்றுக்கும் ஒரே அளவில் மூன்று பெரிய சக்கரங்கள்; பற்கள் முறையே 365, 366, 379. மூன்றையும் ஓட்டுவது 24 பற்கள் கொண்ட சிறு சக்கரங்கள். சூரியன் 365 சுற்று சுற்றும்போது ராசி வளையம் 366 சுற்று சுற்றிவிடும், ஆக ஆண்டுக்கு ஒருமுறை சூரியன் பன்னிரண்டு ராசிகளையும் கடந்துவிடுகிறது. சந்திரனுக்கு 379இலிருந்து 366 போனால் 13. 379ஐ 13ஆல் வகுத்தால் 29.15 நாள். அமாவாசைக்கு அமாவாசை உண்மையில் 29.53 நாள். இந்த அரை நாளுக்குக் குறைவான பிசகு மாதாமாதம் சேரும் என்பதால் சந்திரனை அவ்வப்போது கையால் சரிசெய்தாக வேண்டும். அறுநூறு வருடத்துக்கு முன்னால் வெறும் பல் எண்ணிக்கையில் இவ்வளவு நெருங்கியதே பெரிய காரியம்.

கீழ் வட்டம் நாட்காட்டி. தினமும் ஒரு கட்டம் நகரும், உச்சியில் உள்ள சுட்டி அன்றைய தேதியைக் காட்டும். பன்னிரண்டு மாத வயல் வேலைகளை 1866இல் யோசெஃப் மானெஸ் வரைந்தார். இப்போது சுவரில் இருப்பது நகல், அசல் நகர அருங்காட்சியகத்தில்.

ஒன்பது மணி ஆட்டத்தை வேண்டுமானால் பார்த்துவிடுங்கள். பொம்மைகளை விட எலும்புக்கூட்டைக் கவனியுங்கள். அது கயிற்றை இழுத்து மணியடிக்கும், மணற்கடிகாரத்தை ஆட்டும், பக்கத்தில் உள்ளவர்கள் "இன்னும் வேண்டாம்" என்று தலையசைப்பார்கள். நிற்க வேண்டிய இடம் சுவரடி அல்ல, பின்னால் தள்ளி எதிர்ப்பக்கம். அருகில் நின்றால் கழுத்தும் வலிக்கும், சன்னலும் சாய்வாகத் தெரியும். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடம் பிக்பாக்கெட்காரர்களின் நேரம். கைப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

நகர மன்றத்தைச் சுற்றி

கடிகாரத்தை விட்டுக் கிழக்கே திரும்பினால் காலடியில் வெள்ளைக் கற்களில் 27 சிலுவைகள். 1620 நவம்பர் 8இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற போஹீமிய (செக் நாட்டின் பழைய பெயர்) கிளர்ச்சியாளர்களில் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று இங்கே கொன்றார்கள். பன்னிரண்டு தலைகளைச் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டு, பத்து ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தார்கள். மக்கள் தெரியாமல் மிதித்துக்கொண்டே போகிறார்கள், ஐஸ்கிரீம் வரிசையும் சில நேரம் இதன் மேல்தான் நிற்கிறது.

பக்கத்தில் மரங்கள் நிற்கும் வெற்றிடம் பூங்காவாகத் திட்டமிட்டது இல்லை. அங்கே நகர மன்றத்தின் வடக்குப் பகுதி இருந்தது. 1945 மே மாதம், போர் முடியும் தறுவாயில், எரிந்துபோனது. கடிகாரமும் அப்போதுதான் எரிந்தது, 1948இல் மறுபடி ஓடத் தொடங்கியது. அப்போஸ்தலர் பொம்மைகள் அந்தச் சமயத்தில் வோய்டியெக் சுகர்டா மரத்தில் புதிதாகச் செதுக்கியவை.

உள்ளே போக டிக்கெட் எடுக்கும்போது அதில் என்னென்ன அடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோபுரம், தேவாலய அறை, நிலவறை எல்லாவற்றையும் பார்ப்பது நல்லது. முழு மணிக்குச் சற்று முன் தேவாலய அறையில் இருந்தால் அப்போஸ்தலர்கள் சுற்றுவதைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கலாம். வெளியே நெரிசலில் நின்றவர்களை விட நல்ல காட்சி உங்களுக்குத்தான். நிலவறை என்று காட்டுவது ஒரு காலத்தில் தரைத்தளமாக இருந்த வீடுகள். ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து நகரத்தின் தரைமட்டத்தை உயர்த்தியபோது அவை மண்ணுக்குக் கீழே போயின. கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் தேவை. திங்கட்கிழமைகளில் கட்டடம் காலை 11க்குத்தான் திறக்கும்.

கடிகாரத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, கறுப்பு வெள்ளைச் சுவரோவியங்கள் உள்ள மூலை வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1889 முதல் 1896 வரை சிறுவனாக வாழ்ந்தார். எதிர்ப்பக்கம் கின்ஸ்கி அரண்மனையில் இருந்த பள்ளியில் படித்தார். அதே அரண்மனையில் 1843இல் பிறந்த பெர்தா ஃபான் சுட்னர் அமைதிக்கான நோபல் பெற்ற முதல் பெண். 1948 பிப்ரவரியில், கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிய நாட்களில், அவர்களின் தலைவர் கோட்வால்ட் அதன் மாடத்தில் நின்றுதான் கூட்டத்தில் பேசினார். நடுவே பெரிதாக நிற்பது சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் நினைவுச்சின்னம், அவரை எரித்து 500 ஆண்டு நிறைந்த 1915 ஜூலை 6இல் திறந்தது. பிள்ளைகள் தொலைந்தால் சந்திக்கும் இடம் என்று இதைச் சொல்லி வையுங்கள். கடிகாரத்தடி என்று சொன்னால் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது.

உச்சிப் பொழுது

ஹுஸ் சிலைக்கு அருகே மரியன்னை தூண். 1650இல் நட்டது, 1918 நவம்பர் 3இல் கூட்டம் தள்ளிச் சாய்த்தது, 2020இல் அதே இடத்தில் புதிதாக நிறுத்தியது. அதன் வடக்கே தரையில் பதித்த உலோகப் பட்டைதான் தீர்க்கரேகைக் கோடு. தூணின் நிழல் அதன் மேல் படியும் கணம் பிராகின் நண்பகல். முன்பு பிராகின் நேரத்தைக் கணித்தது இந்தக் கோட்டை வைத்துத்தான் என்று லத்தீனிலும் செக்கிலும் எழுதியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் தூண் இல்லாமல் கோடு வெறுமனே கிடந்தது. இப்போது மறுபடி நிழல் விழுகிறது.

கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும் போய் நின்றால் ஏமாற்றம்தான். நிழல் நேராக வரும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். கோடை நேரம் நடக்கும்போது மே நடுவில் 12:59, ஜூன் 21ஐ ஒட்டி 1:04, ஜூலை கடைசியில் 1:09, அக்டோபர் நடுவில் 12:48. குளிர்கால நேரத்தில் நவம்பர் தொடக்கம் 11:46, கிறிஸ்துமஸ் சமயம் 12:02, பிப்ரவரி நடுவில் 12:16. காரணங்கள் இரண்டு. மத்திய ஐரோப்பிய நேரம் 15 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பிராக் அதற்கு அரைப் பாகைக்கும் சற்று அதிகமாக மேற்கே இருப்பதால் இரண்டு நிமிடச் சொச்சம் தாமதம். மீதி, பூமியின் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் செய்யும் வேலை. பத்து நிமிடம் முன்னதாக நின்று நிழலின் ஓரத்தில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் பாருங்கள், அது நகர்வது கண்ணுக்கே தெரியும். ஜூனில் நிழல் தூணின் உயரத்தில் பாதிதான், டிசம்பரில் மூன்று மடங்குக்கு மேல் நீளும்.

சாப்பாடும் காசும்

சதுக்கத்து ஓட்டல் மேசைகளில் நீங்கள் காசு கொடுப்பது காட்சிக்கு. தண்ணீருக்குக் கட்டணம் உண்டு, கேட்காமலே வந்து வைக்கும் ரொட்டிக்கும் பில்லில் காசு சேரும். ட்லௌஹா தெருப்பக்கம் இரண்டு தெரு தள்ளிப் போனாலே விலை இறங்கும். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், புட்டி எடுத்துப் போங்கள்.

கடைகளில் சுட்டுத் தொங்கும் பன்றித் தொடை இறைச்சியின் விலைப்பலகையைக் கிட்டப் போய்ப் படியுங்கள். எழுதியிருப்பது 100 கிராமின் விலை. கடைக்காரர் கத்தியை வைத்தால் 300, 400 கிராம் துண்டு விழும், தட்டில் போட்ட பிறகு திருப்பித் தர முடியாது. வெட்டுவதற்கு முன்பே "நூறு கிராம்" என்று சொல்லி, தராசைப் பார்த்த பிறகு தலையாட்டுங்கள்.

சைவத்துக்கு வழி உண்டு, எச்சரிக்கையும் வேண்டும். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு அடையில் சில கடைகளில் பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கும், காய்கறி சூப்பின் அடித்தளம் எலும்புச் சாறாக இருக்கும், வதக்கிய முட்டைக்கோசில் கொழுப்பு இருக்கும். "பெஸ் மசா" என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் அந்தச் சொல்லில் சாறும் கொழுப்பும் அடங்கும் என்று எல்லாச் சமையல்காரரும் நினைப்பதில்லை, தனித்தனியாகக் கேளுங்கள். உருளையில் சுற்றிச் சுட்டுச் சர்க்கரை தூவிய டிர்டெல்னிக்கைப் பழைய செக் பலகாரம் என்று பலகை வைத்திருப்பார்கள். பிராகில் அது அண்மைக் காலத்துச் சுற்றுலாப் பண்டம். மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். ஐஸ்கிரீம் நிரப்பியதை வாங்கினால் சூடான குழாயின் அடியில் ஒழுகி முழங்கை வரை வரும், வெறுமனே வாங்குவதே மேல்.

செலாவணி கொருணா. கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். கட்டணக் கழிப்பறைக்காக 10, 20 கொருணா நாணயங்கள் சில இருந்தால் போதும். ஏடிஎம் என்றால் வங்கியோடு சேர்ந்தது. நினைவுப்பொருள் கடை வாசலில் தனியாக நிற்பவற்றைத் தவிர்க்கவும். "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, கொருணாவையே தேர்ந்தெடுங்கள். பணம் மாற்றும் கடைகளில் "கமிஷன் இல்லை" என்ற பலகை எதையும் சொல்லாது, கொள்ளை மாற்று விகிதத்தில்தான். "இத்தனை ரூபாய்க்கு", "இத்தனை யூரோவுக்கு எவ்வளவு கொருணா கையில் தருவீர்கள்?" என்று கேட்ட பிறகு நோட்டை நீட்டுங்கள். ஏமாந்தாலும் 2019 முதல் ஒரு சட்டம் உண்டு. 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம், ரசீது வேண்டும். தெருவில் நல்ல விகிதம் சொல்லிக்கொண்டு வருபவரிடம் அந்தச் சட்டம் செல்லாது. அவர் தரும் கட்டில் வேறு நாட்டு நோட்டுகளோ செல்லாத நோட்டுகளோ இருக்கும்.

பிற்பகலும் கோபுரமும்

டீன் தேவாலயத்துக்கு முன்வாசல் தேடி அலைய வேண்டாம். முன்னால் உள்ள வீடுகளின் வளைவுக்குக் கீழே ஒரு நடை வழியாகத்தான் நுழைவு. திங்கட்கிழமை திறப்பதில்லை, மற்ற நாட்களிலும் நடுப்பகலில் மூடிவிடுவார்கள். பிற்பகல் மூன்றுக்கு மேல் போவது உத்தமம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

பார்க்க வேண்டியது முன்பக்கத் தூணோரம் செம்பளிங்கில் கவசம் அணிந்து நிற்கும் டைகோ பிராஹே. தொலைநோக்கி வருவதற்கு முன்பே வெறும் கண்ணால் செவ்வாயின் இருப்பிடத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்தவர். 1601 அக்டோபர் 24இல் பிராகில் இறந்தார், அந்த அளவுகளை வைத்துத்தான் வானியலாளர் கெப்ளர் கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டார். பிள்ளைகளுக்கு மூக்குக் கதையைச் சொல்லுங்கள்: இருபது வயதில் வாள் சண்டையில் மூக்கின் ஒரு பகுதி போய்விட்டது, உலோக மூக்கு வைத்துக்கொண்டார். வெள்ளி என்றுதான் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். 2010இல் கல்லறையைத் திறந்து எலும்பை ஆராய்ந்தபோது பித்தளை என்று தெரிந்தது.

தேவாலயத்தின் பின்பக்கம் உங்கெல்ட் என்ற முற்றம், பழைய வணிகர்களின் சுங்கச்சாவடி. சத்தம் குறைவு. களைத்த பெரியவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டு இளையவர்கள் சதுக்கத்தை இன்னொரு சுற்று வரலாம்.

வெளி வளையத்தில் பொற்கை 22ஐத் தொடும்போது கோபுர வரிசையில் நில்லுங்கள். இன்னும் இரண்டு மணி நேர வெளிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். லிஃப்ட் உண்டு, அதைச் சுற்றிச் சரிவுப் பாதையும் ஏறுகிறது, ஆகவே முழங்கால் வலிக்காரர்களை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. உச்சி மாடம் குறுகல். எதிரே வருபவருக்கு ஒதுங்கித்தான் வழிவிட முடியும், தள்ளுவண்டியைக் கீழேயே விடுங்கள். முதலில் கிழக்குப் பக்கம் போய் டீன் கோபுரங்களைப் பாருங்கள், வெயில் நேராக அடிக்கும். இரண்டும் ஒன்று போல் தெரிந்தாலும் வலப்பக்கக் கோபுரம் சற்றுப் பருமன். மேற்கே கோட்டை இருக்கும் திசையில் அந்த நேரம் எதிர்வெயில்.

டிசம்பரில் இந்தக் கணக்கெல்லாம் சுருங்கும். நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், கோபுரத்துக்கு இரண்டு மணிக்கே ஏறிவிட வேண்டும். நவம்பர் இறுதி முதல் ஜனவரி தொடக்கம் வரை கிறிஸ்துமஸ் சந்தை, ஈஸ்டரை ஒட்டி இன்னொரு சந்தை. அப்போது கடைகள் சதுக்கத்தை அடைத்துக்கொள்வதால் தரையில் உள்ள தீர்க்கரேகைக் கோடு கண்ணில் படுவதே கடினம், தள்ளுவண்டிக்கு வழியும் இருக்காது. சந்தைதான் வேண்டும் என்றால் அந்த நாளில் வாருங்கள், கடிகாரம் படிக்க மறுநாள் காலை எட்டு மணிக்கு. திங்கட்கிழமையை மட்டும் தவிர்க்கவும்.